விளக்கெண்ணெயை டவரில் ஏற்றக் கிளம்பியிருப்பவர்களுக்கு

வேதிப் பொறியியல் இறுதியாண்டில் அயனித் திரவத்தைப் புராஜெக்டாக எடுத்திருக்கும் மாணவ மாணவியருக்கு,

இந்த வருடம் மட்டும் நான்கு அணிகள் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துபோயின. ஊர் வேறு, கல்லூரி வேறு. தலைப்பு மட்டும் ஏறக்குறைய ஒன்று: அயனித் திரவக் கரைப்பான் கொண்டு குறைந்த செலவில் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்தல். நான்கு அணிகளுக்கும் ஒரே கதையைச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இந்தக் கிழவர் தலைப்பையே மாற்றச் சொல்கிறாரோ என்ற சந்தேகம் உங்களுக்கும் வந்திருக்கிறது. மாற்ற வேண்டாம். நல்ல தலைப்புதான். அதில் இருக்கும் ‘குறைந்த செலவில்’ என்ற இரண்டு சொற்களை நான்கு அணிகளுமே அறிக்கையின் கடைசி அத்தியாயத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறீர்கள். என் வருத்தம் அதுதான்.

நான் முப்பத்தொரு வருடம் ஒரு யூரியா ஆலையின் அமோனியாப் பிரிவில் இருந்தவன். யூரியாவுக்குக் கார்பன் டை ஆக்சைடு மூலப்பொருள். அமோனியா செய்யப் போகும் வாயுவில் அது இருந்தால் வினையூக்கி கெட்டுவிடும். ஆகவே ஒரு பக்கம் பிடுங்கி மறுபக்கம் கொடுக்க வேண்டும். புவி வெப்பமாதல் என்ற பேச்சு எங்கள் கேண்டீனுக்கு வந்துசேரும் முன்பே நாங்கள் கார்பனைப் பிடித்துக்கொண்டிருந்தோம். வேலை எளிமையானது. ஒரு டவரில் கரைப்பான் மேலிருந்து இறங்கும், வாயு கீழிருந்து ஏறும். கார்பனைச் சுமந்த கரைப்பானை இரண்டாவது டவரில் நீராவியால் சூடாக்கினால் சுமையை இறக்கிவிட்டு வெறுங்கையோடு முதல் டவருக்குத் திரும்பும். ராபர்ட் பாட்டம்ஸ் 1930-ல் அமெரிக்காவில் அமீன்களுக்குக் காப்புரிமை பெற்றபோது இருந்த படமும் கிட்டத்தட்ட இதுவே.

அயனித் திரவத்தின் வரலாற்றை உங்கள் இலக்கிய ஆய்வில் படித்தாயிற்று: 1914-ல் பால் வால்டன் கண்ட, 12 டிகிரியிலேயே உருகும் உப்பு, 1992-ல் காற்றுக்கும் ஈரத்துக்கும் தாங்கிய இமிடசோலியம் உப்புகள், 1999-ல் ஜோன் பிரென்னெக்கேயும் உடனிருந்தவர்களும் ‘நேச்சர்’ இதழில் காட்டிய அதிசயம், அதாவது கார்பன் டை ஆக்சைடு இந்தத் திரவத்தில் தாராளமாகக் கரையும், திரவமோ அந்த வாயுவுக்குள் துளியும் போகாது. கொதித்து ஆவியாகாத கரைப்பான்! அமீன் நாற்றத்தில் கண் எரிய ஷிப்ட் பார்த்தவனுக்கு இது வரம் போலத்தான் கேட்டது. எனக்கும் ஆசை வந்தது. பேனாவை எடுத்துக் கணக்குப் போட்ட பிறகுதான் ஆசை கொஞ்சம் தணிந்தது.

அந்தக் கணக்கை இப்போது உங்களோடு சேர்ந்து போடுகிறேன். நான்கு அணிகளில் மூன்று எடுத்திருப்பது பியூட்டைல் மெத்தில் இமிடசோலியம் பிஸ் ட்ரைபுளூரோமெத்தில்சல்போனைல் இமைடு. பெயரை ஒருமுறை எழுதியாயிற்று. இனி ‘இமைடு’ என்றே சொல்கிறேன். 25 டிகிரியில் கார்பன் டை ஆக்சைடுக்கு இதன் ஹென்றி மாறிலி சுமார் 33 பார். நிலக்கரிக் கொதிகலனின் புகையில் கார்பன் டை ஆக்சைடு 13 சதவீதம் என்று வையுங்கள். வளிமண்டல அழுத்தத்தில் அதன் பங்கு அழுத்தம் 0.13 பார். 0.13-ஐ 33-ஆல் வகுத்தால் 0.004. அதாவது இமைடின் சுமார் 250 மூலக்கூறுக்கு ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு. இமைடின் மூலக்கூறு எடை 419. பெருக்கிப் பாருங்கள்: ஒரு டன் கார்பன் டை ஆக்சைடைச் சுமக்க 2,400 டன் கரைப்பான் டவரைச் சுற்றி வர வேண்டும். இதுவும் கரைப்பான் முழுச் சமநிலைக்கு நிரம்பி, திரும்பும்போது முழுவதும் காலியாக வந்தால்தான். நிஜ டவரில் இரண்டும் நடக்காது.

இப்போது பழைய மோனோஎத்தனால் அமீன், எங்கள் பேச்சில் எம்.இ.ஏ. 30 சதவீத நீர்க்கரைசல். ஒரு சுற்றில் நான்கு அமீன் மூலக்கூறுக்கு ஒரு கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால் ஒரு டன்னுக்கு 18, 19 டன் கரைசல் போதும்.

எண் என்றால் தலையில் ஏறாது, லாரியாகச் சொல்கிறேன். தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் 2016-ல் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் அமைப்பு வந்தது. மணிக்கு சுமார் 7 டன். அந்த அளவுக்கு எம்.இ.ஏ. கரைசல் மணிக்குப் பத்து, பன்னிரண்டு தண்ணீர் லாரி சுற்றினால் போதும். இமைடு என்றால், அது தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம் என்ற சலுகையையும் கொடுத்துவிட்டு, மணிக்குத் தொள்ளாயிரம் லாரிக்கு மேல். சுமார் நான்கு நொடிக்கு ஒரு லாரி! அரைமணி நேரச் சுற்றுக்கான இருப்பு மட்டும் 8,000 டன். கிலோ 1,000 ரூபாய்க்கு யாரோ புண்ணியவான் கொடுத்தாலும் 800 கோடி ரூபாய், ஒரு கிலோ கார்பனைப் பிடிப்பதற்கு முன்பே.

இந்தக் கணக்குக்கு லேப்டாப் வேண்டாம், காகிதத்தின் பின்பக்கம் போதும். ஒரு அணியின் அறிக்கையில் ஆஸ்பன் மென்பொருளில் போட்ட வரைபடம் பதினாறு பக்கம் இருந்தது. கரைப்பான் சுற்று வேகம் எங்கே என்று தேடினேன். பின்னிணைப்பில், கிலோமோல் கணக்கில், ஆறு இலக்கத் துல்லியத்தோடு இருந்தது. அது எத்தனை லாரி என்று அந்த அணியிலிருந்த ஒரு தங்கையிடம் கேட்டேன். கணக்குப் போட்டவள் இரண்டு நிமிடம் பேசவே இல்லை. மறுநாள் அவளே தொலைபேசியில் அழைத்து, ‘சார், நாங்க திரவத்தை மாத்திட்டோம்’ என்றாள். எனக்கு மாணவர்களைப் பிடிப்பது இதற்காகத்தான்.

கரைந்து நிற்பதற்குப் பதிலாக வேதிவினையால் கட்டிப்பிடிக்கும் திரவங்களுக்கு அவள் போனது சரியான திசை. 2002-ல் ஜேம்ஸ் டேவிஸ் குழு அயனியின் வாலில் ஒரு அமீனைத் தைத்துக் காட்டியது. 2010-ல் நாட்டர்டாம் பல்கலைக்கழகத்தில் அமினோ அமில எதிரயனிகளை வைத்து ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தை எட்டினார்கள். எம்.இ.ஏ.வோ இரண்டுக்கு ஒன்று. ‘இரு மடங்கு திறன்’ என்று உங்களில் ஒருவர் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார். பம்ப் மோலைத் தூக்காது தம்பி, கிலோவைத்தான் தூக்கும். எம்.இ.ஏ.வின் மூலக்கூறு எடை 61. இரண்டு சேர்ந்தால் 122. நீங்கள் எடுத்திருக்கும் பாஸ்போனியம் புரோலினேட்டின் எடை 600-க்கு அருகே. 44 கிராம் வாயுவைப் பிடிக்க ஒன்று 122 கிராம், மற்றது 600 கிராம். எம்.இ.ஏ.வோடு வரும் 70 சதவீதத் தண்ணீரையும் சேர்த்தால் இடைவெளி வெகுவாகக் குறையும். தோல்வி இல்லை. ஆனால் ‘இரு மடங்கு’ என்ற சொல்லை அடித்துவிடுங்கள்.

அடுத்தது பாகுநிலை. என் மடலின் தலைப்பு அங்கிருந்துதான் வந்தது. எம்.இ.ஏ. கரைசல் டவரின் வெப்பநிலையில் 2 சென்டிபாய்ஸ் சுற்றி இருக்கும், தண்ணீர் மாதிரி. இமைடு 25 டிகிரியில் 50 சுற்றி, நல்லெண்ணெய். அசிடேட் வகை சில நூறு. விளக்கெண்ணெய் பக்கம் போய்விடும். அமீன் தைத்த திரவங்களோ கார்பனைப் பிடிக்கப் பிடிக்கக் கெட்டியாகி, பாயாமலே நின்றுவிடும். பிடிபட்ட மூலக்கூறுகள் தமக்குள் ஹைட்ரஜன் பிணைப்பால் வலை பின்னிக்கொள்வதே காரணம் என்று குடோவ்ஸ்கியும் மாகினும் 2008-ல் கணினியில் காட்டினார்கள். அந்த வலைக்கு வேண்டிய ஹைட்ரஜனையே எடுத்துவிட்ட சயனோபைரோலைடு போன்ற வளைய எதிரயனிகள் அதன்பின் வந்தன. கார்பனைப் பிடித்தாலும் அவை பெரிதாகக் கெட்டியாவதில்லை. இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் வேலை அது. அதிகமாகப் பிடிக்கும் திரவத்தைத் தேடாமல், பிடித்த பிறகும் ஓடும் திரவத்தை ஒருவர் தேடியிருக்கிறார்.

பாகுநிலையை நீங்கள் பம்ப் மின்செலவாக மட்டும் கணக்கிடுகிறீர்கள். அது சின்னச் செலவு. பெரிய செலவு டவரின் உயரத்தில் ஒளிந்திருக்கிறது. திரவம் கெட்டியானால் அதற்குள் வாயு ஊடுருவும் வேகம் குறையும், பாக்கிங் மேல் மெல்லிய படலமாகப் பரவாமல் வாய்க்கால் பிடித்து ஒரு ஓரமாக ஓடும், சமநிலைக்குப் போக நேரம் எடுக்கும், டவர் உயரும். சூட்டைப் பரிமாறும் எக்ஸ்சேஞ்சர் இன்னும் மோசம்: கெட்டித் திரவம் தகட்டில் சூட்டை எளிதில் வாங்காது, பரப்பைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஆஸ்பனில் ‘சமநிலைத் தட்டு’ என்று போட்டால் இது எதுவும் தெரியாது. எல்லாத் திரவமும் அங்கே தண்ணீர்தான்.

குழாயில் திரவம் கெட்டியானால் என்ன ஆகும் என்பதை நானும் பட்டுத்தான் கற்றேன். பயிற்சிப் பொறியாளனாக இருந்தபோது எங்கள் பிரிவில் சூடான பொட்டாசியம் கார்பனேட் கரைசல் ஓடியது. ஒரு இரவு மின்சாரம் போய் எல்லாம் நின்றது. ஒரு குழாயின் மேல் போட்டிருந்த நீராவிச் சுருளை உடனே திறக்க வேண்டும், நான் திறக்கவில்லை. கையில் டார்ச்சை வைத்துக்கொண்டு வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். விடிவதற்குள் கரைசல் ஆறி, உப்பு உறைந்து, குழாய் கல்லாகிவிட்டது. அறுத்து, அடித்து, கழுவி, மறுபடி ஓட்ட இரண்டு நாள். மேலாளர் திட்டவில்லை; அதுதான் இன்னும் உறுத்துகிறது. உங்கள் வரைபடத்தில் ஆலை எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. நிஜத்தில் அது நிற்கும். நின்ற ஆலையில், ஆறிய குழாயில், உங்கள் திரவம் என்ன நிலையில் இருக்கும்? அறிக்கையில் ஒரு வரி வேண்டும்.

இனி நீராவி. சேமிப்பு உண்மையில் இருப்பது இங்கேதான், இதைக் கவனமாக எழுதினால் உங்கள் அறிக்கை நிற்கும். எம்.இ.ஏ.வில் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடை விடுவிக்க 3.5 முதல் 4 ஜிகாஜூல் வெப்பம் செலவாகிறது. அதைப் பிரித்துப் பாருங்கள். வேதிப்பிணைப்பை உடைக்க சுமார் 1.9. அத்தனை டன் கரைசலைச் சூடேற்ற முக்கால் ஜிகாஜூல். மிச்சம், கிட்டத்தட்ட ஒன்று, தண்ணீரைக் கொதிக்கவைத்து அதன் ஆவியால் டவரைக் கழுவுவதற்கு. அயனித் திரவம் இந்த மூன்றாவது பங்கைத்தான் நேரடியாக மிச்சப்படுத்தும். முதல் பங்கைக் குறைக்க வேண்டுமென்றால் பிடியைத் தளர்த்த வேண்டும். தளர்த்தினால் 13 சதவீதப் புகையில் பிடிக்கவே பிடிக்காது. நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் வடிவமைப்பு.

ஒரு எச்சரிக்கை. புகை ஈரமானது. 40 டிகிரிக்குக் குளிர்வித்தாலும் அதில் 7 சதவீதம் நீராவி இருக்கும். பெரும்பாலான அயனித் திரவங்கள் அந்த ஈரத்தைக் குடிக்கும். குடித்ததை இரண்டாவது டவரின் சூட்டில் ஆவியாக வெளியேற்றும். ‘தண்ணீரே இல்லை’ என்று மிச்சம் பிடித்த நீராவி கொல்லைப்புறமாகத் திரும்பி வரும். உலர்ந்த வாயுவை வைத்துச் சிமுலேஷன் செய்த மூன்று அணிகளும் அந்தப் பக்கத்தை மறுபடி செய்ய வேண்டியிருக்கும். இதிலும் ஒரு நல்ல சேதி உண்டு: கொஞ்சம் தண்ணீர் கலந்தால் பாகுநிலை சடாரென்று விழும். எவ்வளவு ஈரத்தோடு ஓட்டுவது லாபம் என்று ஒரு வரைபடம் போட்டாலே அது தனிக் கட்டுரை.

ஒப்பீட்டுக்கு எல்லாரும் 30 சதவீத எம்.இ.ஏ.வையே வைக்கிறீர்கள். தாத்தாவை ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்த பெருமை அது. கனடாவின் பவுண்டரி டேம் மின்நிலையத்தில் 2014 முதலும், டெக்சாசின் பெட்ரா நோவாவில் 2017 முதலும் ஓடியவை வேறு கலவை அமீன்கள். 3 ஜிகாஜூல் பக்கமோ அதற்குக் கீழோ இறங்கியவை இன்று சந்தையில் இருக்கின்றன. உங்கள் போட்டி அவற்றோடு.

ஆவியாகாது என்ற குணத்துக்கு வருகிறேன். கேட்க இனிக்கும் இந்தக் குணத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு. புகையில் கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடும் சாம்பல் தூசியும் வரும். அவை கரைப்பானோடு சேர்ந்து, எத்தனை சூடாக்கினாலும் போகாத உப்பாகத் தங்கும். எம்.இ.ஏ. ஆலையில் கரைசலின் ஒரு பகுதியை எடுத்து, காஸ்டிக் போட்டு, காய்ச்சி வடிப்போம். அமீன் ஆவியாகி மேலே போகும், கசடு அடியில் தங்கும். ஆவியாகாத திரவத்தை எப்படிக் காய்ச்சி வடிப்பீர்கள்? இந்தக் கேள்விக்கு நான்கு அறிக்கையிலும் பதில் இல்லை. இந்தியாவில் இது ஓரமாய்க் கிடக்கும் கேள்வியும் இல்லை. மின்நிலையங்கள் கந்தகத்தை நீக்க வேண்டும் என்று 2015-ல் விதி வந்தது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கு கொடுத்தாயிற்று. அந்தக் கந்தகம் நேராக உங்கள் டவருக்குத்தான் வரும். முன்னால் ஒரு காரக் கழுவு டவர் போட்டு, அதன் விலையையும் சேருங்கள்.

இழப்பைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. எம்.இ.ஏ. ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஒன்றரைக் கிலோ வீணாகும் என்பது வழக்கமாகச் சொல்லும் அளவு. கிலோ 150 ரூபாய் என்று வைத்தால் 225 ரூபாய். உங்கள் திரவம் கிலோ 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதே 225 ரூபாய்க்குள் நிற்க 75 கிராம்தான் வீணாகலாம். ஒரு சின்ன டீ கிளாஸ். அந்த ஒரு டன்னுக்காக டவர் வழியே போகும் புகை சுமார் 5,000 கன மீட்டர். கன மீட்டருக்கு 15 மில்லிகிராம் துளி தப்பினாலே கிளாஸ் நிரம்பிவிடும். ஆவியாகாத திரவம் துளியாகப் போகும். பம்ப் சீலில் கசியும். சூட்டில் சிதையும். ஆறு புளோரின் கொண்ட பாஸ்பேட் வகை தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரஜன் புளோரைடாக உடைவதை ராபின் ராஜர்ஸ் குழு 2003-லேயே சொல்லிவிட்டது. கண்ணாடியை அரிக்கும் அமிலம் அது. ஒரு அணி இன்னும் அந்தத் திரவத்தை ‘பசுமைக் கரைப்பான்’ என்று எழுதியிருக்கிறது. தயவுசெய்து இன்றே மாற்றுங்கள்.

விலை ஏன் ஏறுகிறது? இமைடைச் செய்ய முதலில் ஒரு ஹாலைடு உப்பு, பிறகு புளோரின் ஏறிய லித்தியம் உப்போடு எதிரயனி மாற்றம், பிறகு கழுவிக் கழுவி உலர்த்துதல். ஒவ்வொரு படிக்கும் காசு. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹாலெட் குழு 2014-ல் இதைத் தலைகீழாகப் பார்த்தது. டிரைஎத்தில் அமீனோடு கந்தக அமிலத்தைச் சேர்த்தால் ஒரே படியில் ஒரு அயனித் திரவம். பெரிய அளவில் செய்தால் கிலோ 1.24 டாலர் என்று மதிப்பிட்டார்கள். அந்தத் திரவம் நமக்கு உதவாது, அது மரத்தையும் வைக்கோலையும் பிரித்தெடுக்க. ஆனால் படிகளை எண்ணும் பழக்கத்தை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். திரவத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே அதைச் செய்ய எத்தனை படி என்று ஒரு பத்தியில் எழுதிவையுங்கள்.

அயனித் திரவம் ஆலையில் ஜெயித்த இடங்களைப் பாருங்கள். ஜெர்மனியில் பிஏஎஸ்எஃப் 2002-ல் தொடங்கிய பாஸில் முறை. சால்ட் லேக் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் 2021-ல் செவ்ரான் ஓட்டிய அல்கைலேஷன். மலேசியாவில் இயற்கை எரிவாயுவிலிருந்து பாதரசத்தை நீக்கும் பெட்ரோனாஸ். எங்குமே ஆயிரக்கணக்கான டன் திரவம் இரவுபகலாகச் சுற்றவில்லை. விலையுயர்ந்த ஒரு வேலையை அது கொஞ்ச அளவில் செய்துவிட்டுப் போனது.

அப்படியானால் நமக்கு எங்கே இடம்? என் பார்வையில் மூன்று. வாயுவை எப்படியும் அழுத்தியே ஆக வேண்டிய இடம் ஒன்று. சாண எரிவாயுவில் கார்பன் டை ஆக்சைடு 40 சதவீதம், 8 பார் அழுத்தம் என்றால் பங்கு அழுத்தம் 3.2 பார், நாம் முதலில் போட்ட 2,400 டன் சுமார் 100 டன்னாக இறங்கிவிடும். அங்கே உங்கள் எதிரி எம்.இ.ஏ. இல்லை, வெறும் தண்ணீர். அதற்கு 200 டன்னுக்கு மேல் சுற்ற வேண்டும், ஆனால் தண்ணீருக்கு விலை இல்லை, மீத்தேனையும் அது அவ்வளவாகக் கரைக்காது. நாமக்கல் பக்கம் சாண எரிவாயுவை அழுத்தி வண்டிக்கு விற்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். இரண்டாவது, கலவை. கொலராடோ பல்கலைக்கழகத்தில் கேம்பரும் பாராவும் 2008-ல் செய்ததுபோல், அமீன் கரைசலின் தண்ணீரை அயனித் திரவத்தால் மாற்றி, பிடிக்கும் வேலையை மலிவான அமீனிடமே விட்டுவிடுவது. மூன்றாவதை நான் வேலை என்றே சொல்வேன்: திரவத்தையும் ஓட்ட வரைபடத்தையும் ஒரே மேசையில் வைத்துத் தேர்ந்தெடுப்பது. டூபாண்டில் ஷிஃப்லெட்டும் யோகோசெக்கியும் 2010-ல் விளக்கெண்ணெய் போன்ற அசிடேட்டை எடுத்தே, முழு ஆலையையும் அதற்கேற்ப மாற்றி வரைந்து, எம்.இ.ஏ.வைவிட ஆற்றல் இழப்பு 16 சதவீதமும் முதலீடு 11 சதவீதமும் குறையும் என்று மதிப்பிட்டார்கள். காகித மதிப்பீடுதான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை முதலில் கேட்டிருந்தார்கள்.

ஜோடி சேர்த்தால் பத்து லட்சம் அயனித் திரவம் வரும் என்று எல்லாரும் முன்னுரையில் எழுதுகிறீர்கள். காஸ்மோ-ஆர்எஸ் கணிப்பு முறையை வைத்து அதில் ஆயிரத்தைச் சலிக்கலாம்; நல்லது. சலிக்கும்போது கரைதிறனுக்கு ஒரு நெடுவரிசை போடுவதற்கு முன்னால் கிலோவுக்கு ஒன்று, பாகுநிலைக்கு ஒன்று, செய்முறைப் படிகளுக்கு ஒன்று போடுங்கள். ஆயிரம் இருபதாகிவிடும். அந்த இருபதுக்குத்தான் ஆஸ்பன்.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டில் இருப்பேன். நான்கு அணியும் சேர்ந்தே வாருங்கள். ஒரே பக்கத்தில் ஐந்து எண் எழுதி வந்தால் போதும்: டன்னுக்கு எத்தனை டன் சுற்று, கார்பன் ஏறிய பிறகு பாகுநிலை, ஈரத்தோடு நீராவிச் செலவு, டன்னுக்கு எத்தனை கிராம் இழப்பு, கெட்டுப்போன திரவத்தை மீட்கும் வழி. ஐந்தாவது இடம் காலியாக இருந்தாலும் பரவாயில்லை. எனக்கும் அதற்குப் பதில் தெரியாது. நிலக்கடலை அவித்து வைக்கச் சொல்கிறேன், உட்கார்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற அமோனியாப் பிரிவுப் பொறியாளன்